ஸ்மோக் ஆன் த வாட்டர்: தீயின் கதையும் பாட்டின் வெற்றியும்

நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ நிஜமாகவே ஒரு தீ விபத்தைப் பற்றிய பாட்டா, இல்லை பிற்பாடு கட்டிவிட்ட கதையா? அதன் கிடார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத்துணுக்கு) வேறொரு பாட்டிலிருந்து சுட்டது என்று உங்கள் நண்பர் சொல்வது சரியா? நாலே சுரத்தை வைத்துக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் எப்படி நிற்கிறது? எனக்கு இது மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. இந்தப் பாட்டு அதன் சொந்த பலத்தில் ஜெயித்ததா, பின்னால் இருக்கும் கதையின் தயவில் ஜெயித்ததா என்பதே நீங்கள் கேட்க நினைத்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தீ விபத்து உண்மை, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தீயிலிருந்து வந்தது வரிகள் மட்டும்தான். அந்த ரிஃப்புக்கும் தீக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பாட்டு ஹிட்டானதற்கும் தீக்கும் சம்பந்தம் ரொம்பக் குறைவு. மூன்றும் வேறு வேறு நேரத்தில், வேறு வேறு காரணத்தால் நடந்தவை. நான் வரலாற்று ஆய்வாளன் இல்லை; பல வருடமாகக் கிடார் சொல்லிக் கொடுப்பவன், நடுவில் கொஞ்ச காலம் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்த்தவன். அதனால் ரிஃப்பைப் பற்றி அழுத்தமாகப் பேசுவேன். மற்றதற்கு அங்கே இருந்தவர்கள் பிற்பாடு சொன்னதை நம்பித்தான் ஆகவேண்டும். அவர்கள் சொல்வதும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை.

1971 டிசம்பரில் டீப் பர்ப்பிள் குழுவினர் சுவிட்சர்லாந்தில், ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மோந்த்ரோ என்ற ஊருக்கு வந்தார்கள். பாடகர் இயன் கில்லன், கிடாரில் ரிட்சி பிளாக்மோர், பேஸ் கிடாரில் ரோஜர் குளோவர், ஆர்கனில் ஜான் லார்ட், டிரம்ஸில் இயன் பைஸ். கொஞ்ச நாள் முன்புதான் கில்லனுக்கு மஞ்சள் காமாலை வந்து அமெரிக்கச் சுற்றுப்பயணம் பாதியில் நின்றிருந்தது. அடுத்த ஆல்பத்தை வழக்கமான ஸ்டுடியோவில் பதிவு செய்யக் கூடாது என்று முடிவெடுத்திருந்தார்கள். அந்தக் காலத்து ஸ்டுடியோ என்றால் சுவரெல்லாம் மெத்தை வைத்து ஒலியை அடக்கிய அறை. மேடையில் இடி மாதிரி கேட்கும் குழு, அந்த அறைக்குள் வாசித்தால் சப்பென்று ஆகிவிடும். ஒரு பெரிய அரங்கத்தைப் பிடித்து, ரசிகர்கள் இல்லாமல், மேடையில் வாசிப்பது போலவே வாசித்துப் பதிவு செய்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. இங்கிலாந்துக்கு வெளியே பதிவு செய்தால் வரி மிச்சம் என்பதும் ஒரு காரணம் என்று சொல்வார்கள்.

அதற்கு வாகாகக் கிடைத்தது மோந்த்ரோ கஸினோ. கஸினோ என்றதும் சூதாட்ட விடுதி மட்டும் என்று நினைக்காதீர்கள், உள்ளே பெரிய கச்சேரி அரங்கு உண்டு. லெட் ஸெப்பலின், பிங்க் ஃபிளாய்ட் எல்லாம் அங்கே வாசித்தவர்கள்தான். குளிர்காலத்தில் அரங்கை மூடிவிடுவார்கள் என்பதால் இவர்கள் நிம்மதியாக உள்ளே இருக்கலாம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு லாரி ஒன்று இருந்தது. ஒரு லாரிக்குள் முழுக் கட்டுப்பாட்டு அறை, வெளியே எந்தக் கட்டடத்துக்கு வேண்டுமானாலும் கேபிள் இழுத்துக்கொள்ளலாம். அதை வாடகைக்கு எடுத்துக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். மூடுவதற்கு முன் அரங்கில் கடைசியாக ஒரே ஒரு கச்சேரி பாக்கி இருந்தது. டிசம்பர் 4, சனிக்கிழமை மதியம், அமெரிக்க ராக் கலைஞர் பிராங்க் ஸாப்பாவும் அவருடைய மதர்ஸ் ஆஃப் இன்வென்ஷன் குழுவும்.

டீப் பர்ப்பிள் ஆட்களும் அந்தக் கச்சேரிக்குப் போயிருந்தார்கள். நிகழ்ச்சி முடியப் போகும் நேரம், சின்தசைஸர் வாசிப்பு நடந்துகொண்டிருந்தபோது, கூட்டத்தில் யாரோ ஒருவர் கூரையைப் பார்த்து ஃபிளேர் துப்பாக்கியால் சுட்டார். கப்பலில் ஆபத்து சமிக்ஞை கொடுக்கப் பயன்படுத்துவார்களே, அந்த மாதிரி. உட்கூரை பிரம்பு வேய்ந்தது. பற்றிக்கொண்டதும் முதலில் சின்னப் பொறியாகத்தான் தெரிந்ததாம். ஸாப்பா மேடையிலிருந்தே கூட்டத்தைப் பதறாமல் வெளியேறச் சொன்னார். ரசிகர் ஒருவர் திருட்டுத்தனமாக எடுத்த ஒலிப்பதிவு இன்றைக்கும் கிடைக்கிறது; அந்தக் கணத்தை அதில் கேட்கலாம். கட்டடம் முழுக்க எரிந்து தரைமட்டமானது. ஸாப்பா குழுவின் கருவிகள் எல்லாம் போயின. அவ்வளவு பெரிய தீயில் ஒருவர்கூட உயிரிழக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அதற்கு மோந்த்ரோ ஜாஸ் விழாவின் நிறுவனர்களில் ஒருவரான கிளோட் நோப்ஸ் ஒரு காரணம். அவர் உள்ளே ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். பாட்டில் செல்லப்பெயரோடு ஒரு கிளோட் வருகிறாரே, அது இவர்தான். ஸாப்பாவுக்கு அந்த மாதம் சனி உச்சத்தில் இருந்திருக்க வேண்டும். ஆறே நாள் கழித்து, டிசம்பர் 10 அன்று, லண்டன் ரெயின்போ தியேட்டரில் ஒரு ரசிகன் மேடையேறி அவரைக் கீழே தள்ளிவிட, படுகாயமடைந்து பல மாதம் சக்கர நாற்காலியில் இருந்தார்.

சுட்டவர் யார், எதற்காகச் சுட்டார் என்பது பற்றிப் பல பெயர்களும் ஊகங்களும் இணையத்தில் உலவுகின்றன. யாரும் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று நிரூபிக்கப்படவில்லை என்பதால், அந்தப் பெயர்களைப் பரப்பாமல் இருப்பதே நல்லது. பாட்டும் அவரை ‘ஒரு முட்டாள்’ என்கிற அளவோடு விட்டுவிடுகிறது.

அன்று மாலை குழுவினர் ஹோட்டலில் இருந்தபடி ஜன்னல் வழியாக கஸினோ எரிவதைப் பார்த்தார்கள். மலைப்பக்கமிருந்து வீசிய காற்றில் புகை ஏரியின்மேல் போர்வையாகப் படர்ந்தது. பாட்டின் தலைப்பு இந்தக் காட்சிதான். அதைக் கண்டுபிடித்தவர் குளோவர். சில நாள் கழித்து ஒரு காலையில் தூக்கத்திலிருந்து எழும்போது அந்தச் சொற்கள் தன் வாயில் இருந்தன என்று பலமுறை சொல்லியிருக்கிறார். சொன்னதும் மற்றவர்களுக்கு உற்சாகம் வரவில்லை. போதைப்பொருள் பற்றிய பாட்டு மாதிரி இருக்கிறதே என்று ஒதுக்கி வைத்தார்களாம். அவர்கள் போதை ஆசாமிகள் இல்லை, குடிகாரர்கள் என்பது குளோவரே வேடிக்கையாகச் சொல்லும் விளக்கம்.

சரி, கஸினோ போயிற்று. லாரி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், இடம் இல்லை. நோப்ஸ்தான் அலைந்து திரிந்து ஊருக்குள் பெவிலியன் என்ற பழைய அரங்கு ஒன்றைப் பிடித்துக் கொடுத்தார். அங்கே ராத்திரியில் வாசிக்கத் தொடங்கினார்கள். நீங்கள் கேட்கும் ரிஃப் பிறந்த இடம் அதுதான். அப்போது அதற்குப் பெயர் கிடையாது, வரி கிடையாது, தீ பற்றிய எண்ணமே கிடையாது. பிளாக்மோர் ஒரு ரிஃப் கொண்டுவந்தார், பைஸ் அதற்கு டிரம்ஸ் போட்டார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

ஊர் தூங்கும் நேரத்தில் டீப் பர்ப்பிள் வாசித்தால் என்ன ஆகும்? அக்கம்பக்கத்தார் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார்கள். போலீஸ்காரர்கள் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, குழுவின் உதவியாளர்கள் உள்ளே கதவைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒரு உருப்படியான டேக் (பாட்டை முழுதாக வாசித்த பதிவு) கிடைக்கும் வரை தாக்குப்பிடித்தார்கள். இதைக் குழுவில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் ஒரே மாதிரி சொல்லியிருக்கிறார்கள் என்பதால் நம்புகிறேன். ஆக, நாம் இன்று கேட்கும் கிடார், ஆர்கன், பேஸ், டிரம்ஸ் எல்லாம் அடிப்படையில் அந்த ராத்திரி பதிவானவை. பெவிலியனில் பதிவான ஒரே பாட்டும் இதுதான். அன்றோடு அங்கிருந்து துரத்திவிட்டார்கள்.

அப்புறம் கிராண்ட் ஹோட்டல். குளிர்காலத்துக்காகப் பூட்டிக் கிடந்த பழைய ஹோட்டல் அது. ஒரு நடைபாதையின் முனையில் கருவிகளை வைத்து, மெத்தைகளை நிறுத்தி வைத்து ஒலியை அடைத்து, கேபிளை வெளியே லாரி வரைக்கும் இழுத்தார்கள். வாசித்ததைக் கேட்க வேண்டுமானால் அறைகள், பால்கனி, முற்றம் எல்லாம் கடந்து பனியில் லாரிக்குப் போகவேண்டும். சலித்துப்போய், போகப் போக பதிவைத் திரும்பக் கேட்பதையே விட்டுவிட்டார்களாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இது பெரிய வரம். பதிவானதை உடனே கேட்கும் வசதி இருந்தால் வாசிப்பவர்கள் ஒவ்வொரு சின்னப் பிசிறையும் பிடித்துக்கொண்டு, இன்னொரு டேக், இன்னொரு டேக் என்று உயிரை எடுத்துவிடுவார்கள். இவர்களுக்கு அந்த வாய்ப்பே இல்லாமல் போனது. இப்படி உருவான ‘மெஷின் ஹெட்’ ஆல்பம் முழுக்க இருக்கும் துடிப்புக்கு இது ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். பொறியாளர் மார்ட்டின் பர்ச்சின் கைவண்ணம் இன்னொரு காரணம்.

வேலை முடியும் தறுவாயில் ஆல்பத்துக்குச் சில நிமிடங்கள் குறைந்தன என்றும், பெவிலியனில் பதிவு செய்த அந்தப் பெயரில்லாத மெட்டை அப்போதுதான் தோண்டி எடுத்தார்கள் என்றும் கில்லன் சொல்வார். கில்லனும் குளோவரும் சேர்ந்து வரி எழுதினார்கள். புதிதாக யோசிக்க நேரமில்லை, கண்முன் நடந்ததையே எழுதிவிட்டார்கள். வரிகளைக் கவனித்துப் பாருங்கள், உவமை கிடையாது, தத்துவம் கிடையாது. இந்த ஊருக்கு வந்தோம், இன்னார் கச்சேரி நடந்தது, ஒருவன் சுட்டான், எரிந்தது, கிளோட் ஓடினார், வேறு இடம் தேடினோம், காலியான குளிர்ந்த ஹோட்டலில் சிவப்பு விளக்குகளும் பழைய கட்டில்களும் வைத்துச் சமாளித்தோம். உள்ளூர்ச் செய்தியாளர் எழுதிய விபத்துச் செய்தி மாதிரி இருக்கிறது. இந்த ஆல்பத்தை எப்படிப் பதிவு செய்தோம் என்பதுதான் அந்த ஆல்பத்தில் உள்ள இந்தப் பாட்டின் பொருள். ராக் பாட்டுகளில் இப்படி ஊர்பேர் தெளிவாகச் சொல்லி, நடந்தது நடந்தபடி எழுதியவை ரொம்பக் குறைவு. ‘பிற்பாடு கட்டிய கதையா’ என்ற சந்தேகத்துக்கு இதைவிட நல்ல பதில் இல்லை: கதை பாட்டுக்குள்ளேயே இருக்கிறது, தீ எரிந்த அதே மாதம் எழுதியது.

இனி ரிஃப். கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்திருந்தால் இதைச் சொல்வது சுலபம். மேற்கத்திய ஜி சுரத்தை ஷட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். ச கி ம, ச கி மி ம, ச கி ம, கி ச. அவ்வளவேதான். சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், நடுவில் ஒரே ஒரு தடவை பிரதி மத்தியமம் எட்டிப் பார்த்துவிட்டு சுத்த மத்தியமத்துக்கு இறங்கிவிடும். இரண்டு மத்தியமமும் இப்படி ஒட்டி ஒட்டி வருவதை நம் ராகங்களில் சாதாரணமாகப் பார்க்க முடியாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் அதுதான் உயிர். அந்த ‘மி’யை எடுத்துவிட்டு வாசித்துப் பாருங்கள், ரிஃப் செத்துவிடும்.

இதை ஒற்றைச் சுரமாக வாசித்தால் பாதிதான் கிடைக்கும். பிளாக்மோர் ஒவ்வொரு சுரத்துக்கும் கீழே நாலாவது சுரத்தையும் சேர்த்து வாசிக்கிறார். ஷட்ஜமத்துக்குக் கீழே மந்தர பஞ்சமம், காந்தாரத்துக்குக் கீழே கைசிகி நிஷாதம், இப்படியே ஜோடி ஜோடியாக நகரும். ராக் கிடாரில் வழக்கமான பவர் கார்டு என்பது சுரத்துக்கு மேலே பஞ்சமத்தைச் சேர்ப்பது. அது கனமாக, தரையில் ஊன்றியது போலக் கேட்கும். அதையே தலைகீழாகப் போட்டால் கொஞ்சம் பழங்காலத் தேவாலய இசை மாதிரி, ஒரு மர்மத்தோடு கேட்கும். பிளாக்மோருக்கு இடைக்கால ஐரோப்பிய இசைமேல் பெரிய மோகம் உண்டு. பிற்காலத்தில் ராக்கை விட்டுவிட்டு அந்த இசைக்கென்றே ஒரு குழு ஆரம்பித்தவர் அவர். இந்த ரிஃப்பில் அந்த மோகத்தின் வாடை இருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நீங்கள் கிடார் கற்றுக்கொண்டிருப்பதாகச் சொன்னதால் ஒரு குறிப்பு. யூடியூபில் பாதிப் பேர் இதை பிக்கால் (கம்பியை மீட்டும் சின்னத் தகடு) வாசிக்கிறார்கள். பிளாக்மோர் விரலால் இரண்டு கம்பிகளையும் ஒரே நேரத்தில் கிள்ளி வாசிக்கிறார். டி, ஜி இரண்டு கம்பிகளையும் திறந்தபடி ஒரு தடவை, பிறகு மூன்றாவது ஃபிரெட் (வீணையில் மெட்டு என்போமே, அது), ஐந்தாவது ஃபிரெட். ‘மி’ வரும்போது ஆறு, உடனே திரும்ப ஐந்து. பிக் வைத்தால் ஒரு கம்பி முன்னே, இன்னொன்று ஒரு கணம் பின்னே ஒலிக்கும். கிள்ளினால் இரண்டும் ஒன்றாக வெடிக்கும். இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் பதிவில் இருக்கும் அந்த ‘நறுக்’ வருகிறது. இன்னொன்று, சுரங்களுக்கு இடையில் இருக்கும் மௌனத்தையும் வாசிக்க வேண்டும். கம்பியை அடக்காமல் இழையவிட்டால் எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும்.

கிடாரையே பேசிக்கொண்டிருந்தால் ஜான் லார்டுக்குத் துரோகம். அந்த ரிஃப் பதிவில் அவ்வளவு பூதாகரமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் அவர். ஹேமண்ட் ஆர்கனை அதற்கென்று இருக்கும் சுழலும் லெஸ்லி ஸ்பீக்கரில் செருகாமல், கிடார்க்காரர்கள் பயன்படுத்தும் மார்ஷல் ஆம்ப் என்ற ஒலிபெருக்கியில் செருகியவர் லார்ட். ஆர்கன் உறுமத் தொடங்கிவிடும். இந்தப் பாட்டில் அவர் கிடாரோடு சேர்ந்து அதே ரிஃப்பை வாசிக்கிறார், ஆனால் பலர் அதை இரண்டாவது கிடார் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆரம்பத்தைக் கேளுங்கள். முதலில் கிடார் மட்டும். அடுத்து பைஸின் ஹை-ஹாட் (ஜால்ரா போன்ற ஜோடித் தட்டு), லார்டின் ஆர்கன், ஸ்னேர் டிரம் என்று அடுக்கடுக்காகச் சேர்ந்து, கடைசியாகக் குளோவரின் பேஸ் வந்து விழும்போதுதான் தேர் நிலையிலிருந்து நகர்கிறது. கில்லன் வாய் திறப்பதற்குள் கேட்பவரின் தலை ஆடத் தொடங்கியிருக்கும். ‘நாலே சுரம்’ என்று கேட்டீர்களே, நாலு சுரத்தைக் கண்டுபிடித்தது ஒரு திறமை. அதைத் திரும்பத் திரும்ப வாசித்தும் அலுக்காதபடி அடுக்கியது வேறொரு திறமை, அது ஐந்து பேருடையது. பாட்டின் உரிமையும் ஐந்து பேர் பெயரிலும்தான் இருக்கிறது.

திருட்டுக் குற்றச்சாட்டுக்கு வருவோம். உங்கள் நண்பர் சொன்னது ‘மரியா மொய்ட்டா’ என்ற பிரேசில் பாட்டாகத்தான் இருக்கும். கார்லோஸ் லைரா இசையமைத்தது, 1960களைச் சேர்ந்தது. ஆஸ்ட்ருட் ஜில்பெர்டோ 1966 ஆல்பம் ஒன்றில் ‘மரியா குவைட்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் பாடினார், இசை ஒழுங்கமைத்தவர் கில் எவன்ஸ். கேட்டுப் பாருங்கள், தொடக்கத்தில் வரும் சொற்றொடர் இந்த ரிஃப்பின் நெருங்கிய உறவினர் மாதிரிதான் இருக்கிறது. அதை மறுப்பதில் அர்த்தமில்லை. ஆனால் ஒன்று போல் இருப்பது நிச்சயம், அங்கிருந்து எடுத்தது நிச்சயமில்லை. ப்ளூஸ் ஸ்கேலின் முதல் நாலு சுரங்களை ஏறி இறங்கினால் யார் கையிலும் இது மாதிரி ஒன்று வந்து விழலாம். கேட்டு மனதில் தங்கி, தெரியாமலே வெளியே வந்திருக்கவும் இடமுண்டு.

பிளாக்மோரைக் கேட்டால் பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைத் தலைகீழாகப் போட்டதுதான் இது, பீத்தோவனுக்குத் தான் நிறையப் பணம் தரவேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் பேட்டிகளில் கிண்டல் பேர்வழி, இதை அப்படியே எடுத்துக்கொள்ள நான் தயாரில்லை. ஆனால் ஒரு விஷயத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தக் குழுவினர் கடன் வாங்கியதை மறைப்பவர்கள் இல்லை. ‘சைல்ட் இன் டைம்’ பாட்டின் தொடக்கம் இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே என்ற அமெரிக்கக் குழுவின் ‘பாம்பே காலிங்’கிலிருந்து வந்தது என்று வெளிப்படையாகச் சொன்னவர்கள். ‘பிளாக் நைட்’டின் ரிஃப்புக்கு ரிக்கி நெல்சன் பாடிய ‘சம்மர்டைம்’ மூலம் என்பதையும் ஒப்புக்கொண்டவர்கள். பிரேசில் பாட்டைப் பற்றி மட்டும் பொய் சொல்ல அவர்களுக்கு என்ன அவசியம்? இது சாட்சியம் ஆகாது, தெரியும். ஆனால் என் தராசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

கடைசியாக வெற்றி. இங்கேதான் பலர் தவறாக நினைக்கிறார்கள். ‘மெஷின் ஹெட்’ 1972 மார்ச்சில் வெளிவந்து பிரிட்டனில் முதலிடத்தைப் பிடித்தது. ஆனால் ஆல்பத்திலிருந்து சிங்கிளாக (தனிப்பாட்டு இசைத்தட்டாக) அவர்கள் தேர்ந்தெடுத்தது ‘நெவர் பிஃபோர்’ என்ற பாட்டை. இன்று அதை எத்தனை பேருக்குத் தெரியும்? ஸ்மோக் ஆன் த வாட்டர் ஹிட்டாகும் என்று குழுவில் யாரும் நினைக்கவில்லை. தனக்குப் போட்டுக் காட்டியபோது இது பெரிய ஹிட் ஆகும் என்று தான் சொன்னதாக நோப்ஸ் பிற்பாடு சொல்வார். ஹிட்டான பிறகு முன்பே சொன்னேனே என்பவர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம் என்றாலும், நோப்ஸுக்கு நல்ல காது இருந்தது என்பது உண்மை.

பாட்டுக்கு வழி திறந்தது மேடை. 1972 ஆகஸ்டில் ஜப்பானில், ஒசாகாவிலும் டோக்கியோவிலும் நடந்த மூன்று கச்சேரிகளைப் பதிவு செய்து ‘மேட் இன் ஜப்பான்’ என்ற நேரடி ஆல்பமாக வெளியிட்டார்கள். அது முதலில் ஜப்பான் சந்தைக்காக மட்டும் என்று எடுத்தது. அமெரிக்காவில் 1973 ஏப்ரலில் அது வெளிவர, அதில் இந்தப் பாட்டைக் கேட்ட ரசிகர்கள் அதை விரும்பத் தொடங்கினார்கள். அடுத்த மாதமே வார்னர் பிரதர்ஸ் நிறுவனம் ஐந்தரை நிமிடத்துக்கு மேல் ஓடும் ஸ்டுடியோ பதிவை வானொலிக்கு ஏற்றபடி நாலு நிமிடத்துக்குள் சுருக்கி ஒரு பக்கம், மேடைப் பதிவை மறுபக்கம் வைத்து சிங்கிளாக வெளியிட்டது. அந்தக் கோடையில் அமெரிக்காவின் பில்போர்ட் ஹிட் பட்டியலில் நாலாம் இடம். பாட்டு பதிவாகி ஒன்றரை வருடம் கழித்து! பிரிட்டனில் சிங்கிளாக வெளிவரவே 1977 ஆகிவிட்டது, அங்கே 21ஆம் இடத்தோடு சரி.

இதில் ஒரு கொடுமை. பாட்டு அமெரிக்க வானொலியில் ஏறிக்கொண்டிருந்த அதே நேரத்தில் குழு உடைந்துகொண்டிருந்தது. பிளாக்மோருக்கும் கில்லனுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. கில்லன் முந்தைய வருடமே விலகல் கடிதம் கொடுத்திருந்தார். 1973 ஜூன் 29, ஒசாகாவில் கடைசிக் கச்சேரி. கில்லனும் குளோவரும் போய்விட்டார்கள். ஆக, தலைப்பைக் கொடுத்தவரும் அதைப் பாடியவரும் வெளியேறிய பிறகுதான் பாட்டு உச்சத்துக்குப் போனது. 1984இல் ஐவரும் திரும்பச் சேர்ந்தார்கள், 1993இல் பிளாக்மோர் மறுபடி பிரிந்தார், அது தனிக்கதை. நடுவில் கில்லன் ஒரு வருடம் போல பிளாக் சப்பத் குழுவில் பாடியபோது, அந்த மேடையிலும் இந்தப் பாட்டை வாசிக்க வேண்டியதாயிற்று. அந்தக் குழுவின் கிடார்க்காரர் டோனி ஐயோமி பிளாக்மோரின் ரிஃப்பை வாசிப்பதைக் கேட்க வேண்டுமா, பதிவுகள் இருக்கின்றன. நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

அதற்குப் பிறகு நின்றது எப்படி என்றால், எனக்குத் தெரிந்தவரை பெரும் பங்கு எங்களைப் போன்ற கிடார் ஆசிரியர்களுடையதும் மாணவர்களுடையதும். கிடாரைக் கையில் எடுத்த முதல் வாரத்திலேயே ஒற்றைக் கம்பியில் 0-3-5, 0-3-6-5 என்று விரலை நகர்த்தினால், அடையாளம் தெரியும்படி ஒரு நிஜப் பாட்டு வந்துவிடுகிறது. சுருதி தப்பு, கம்பி தப்பு, ஜோடிச் சுரம் இல்லை, ஆனாலும் வீட்டில் இருப்பவர்கள் ‘அட’ என்று திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ‘அட’வுக்காக மறுநாளும் கிடாரை எடுத்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு எளிதாகத் தொடங்கி, சரியாக வாசிக்க இவ்வளவு கஷ்டமான பாடம் வேறொன்றை நானாக எழுதச் சொன்னாலும் எழுத முடியாது. 2007இல் அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிடார்க்காரர்கள் ஒன்றாக நின்று சாதனைக்காக வாசித்தார்கள். அதற்கு இந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்ததில் வியப்பில்லை, எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாக வேறென்ன கிடைக்கும்?

1988 ஆர்மீனிய நிலநடுக்கத்துக்கு நிதி திரட்ட, அடுத்த வருடம் லண்டனில் பல குழுக்களின் கலைஞர்கள் சேர்ந்து இதையே மறுபடி பதிவு செய்தார்கள். குயீனின் பிரையன் மே, பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மோர், அயர்ன் மெய்டனின் புரூஸ் டிக்கின்சன், கூடவே கில்லனும் பிளாக்மோரும். நல்ல காரியம், பதிவு சுமார்.

எரிந்த கஸினோவை மறுபடி கட்டி 1975இல் திறந்தார்கள். அதற்குள் அமைந்த மவுன்டன் ஸ்டுடியோவைத்தான் பின்னாளில் குயீன் குழு சொந்தமாக வாங்கியது. இன்னொரு சுவையான தகவல்: 2024இல் மெஷின் ஹெட் பொன்விழாப் பதிப்பு வந்தபோது, அதைப் புதிதாக மிக்ஸ் செய்தவர் (தனித்தனியாகப் பதிவான ஒலிகளைச் சேர்த்துக் கலந்தவர்) டுவீஸில் ஸாப்பா. ஆமாம், பிராங்க் ஸாப்பாவின் மகனேதான்.

கேட்க விரும்பினால் இந்த வரிசையில் கேளுங்கள். முதலில் 1972 ஸ்டுடியோ பதிவு, ஹெட்போனில். ஒரு தடவை ஆர்கனை மட்டும் பின்தொடருங்கள், இன்னொரு தடவை பைஸின் வலது கையை மட்டும். அடுத்து மேட் இன் ஜப்பான் பதிவு, அதில் பிளாக்மோரும் லார்டும் கடைசியில் மாறி மாறிப் பேசிக்கொள்வதற்காகவே. மூன்றாவதாக மரியா குவைட்டைப் போட்டு, நண்பரோடு உட்கார்ந்து நீங்களே முடிவு செய்யுங்கள். அதற்கு அப்புறம் கிடாரை எடுத்து, பிக்கைக் கீழே வைத்துவிட்டு, டி கம்பியையும் ஜி கம்பியையும் விரலால் சேர்த்துக் கிள்ளிப் பாருங்கள். எங்காவது இடறினால் இங்கேயே கேளுங்கள், பதில் சொல்கிறேன்.